தமிழில் கட்டற்ற மென்பொருள் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதியும், கல்லூரிகளில் உரையாற்றியும், ஆண்டுதோறும் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடியும் வருகிற உங்களுக்கு, அவற்றை விடாமல் படித்தும் கேட்டும் வருகிற வாசகன் எழுதிக்கொள்வது. ஊதியம் எதிர்பாராமல் நீங்கள் செய்துவரும் பணியின் அருமை எனக்குத் தெரியும். ஆயினும் வரலாறு என்ற பகுதி வந்ததும் உங்கள் எழுத்தும் பேச்சும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ஜெராக்ஸ் அச்சுப்பொறியில் காகிதம் சிக்குகிறது. அதை இயக்கும் மென்பொருளின் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு மறுக்கப்படுகிறது. 1983 செப்டம்பர் 27 அன்று குனு என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை அவர் அறிவிக்கிறார். திருத்தி வெளியிடுவோரும் அதே உரிமைகளோடு பகிர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமம் 1989இல் வருகிறது. 1991இல் லினக்ஸ் வருகிறது. இவற்றில் எதுவும் பிழையன்று. ஆனால் அந்த அறிவிப்புக்கு முந்தைய எட்டு ஆண்டுகளில், பல்கலைக்கழகத்தோடும் ஆய்வுக்கூடத்தோடும் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டு மேசையில் கணினியைப் பூட்டி, அதற்கான நிரல்களைத் தேடி, எழுதி, படியெடுத்து, முன்பின் அறியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வரலாறு உங்கள் பக்கங்களில் இடம்பெறுவதே இல்லை. அபூர்வமாக இடம்பெற்றாலும், பில் கேட்ஸ் அவர்களைத் திருடர்கள் என்று ஏசிக் கடிதம் எழுதினார் என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை உரிய முறையில் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

அந்தக் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் இயங்கிய மிட்ஸ் நிறுவனத்தின் ஆல்டேர் 8800 கணினி, மின்னணுவியல் பற்றிய அச்சிதழ் ஒன்றின் 1975 ஜனவரி மாத அட்டைப்படமாக வெளியாகி அமெரிக்க ஆர்வலர்களிடையே பரபரப்பை உண்டாக்கியது. வாங்கியவர் தாமே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டிய அந்தப் பெட்டியோடு கிடைத்த நினைவகம் 256 பைட்தான். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது; முகப்பில் வரிசையாக அமைந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு பைட்டாகத்தான் கட்டளைகளைச் செலுத்த வேண்டும். பில் கேட்ஸ், பால் ஆலன், மாண்டி டேவிடாஃப் ஆகிய மூவர் அதற்கென எழுதிய பேசிக் என்ற எளிய நிரல்மொழி மென்பொருள் வந்த பிறகே அந்தப் பெட்டியால் உருப்படியாக ஏதேனும் செய்ய முடிந்தது. அதன் 8கே (8 கிலோபைட் நினைவகத்துக்கான) வடிவத்தை மிட்ஸின் கணினியோடும் நினைவக அட்டையோடும் சேர்த்து வாங்கினால் 75 டாலர். தனியாக வாங்கினால் 500 டாலர். மிட்ஸின் 4கே நினைவக அட்டைகளோ சரியாக வேலை செய்வதில்லை என்று பெயர் கெட்டிருந்தன. அதனால் வேறு நிறுவனத்தின் அட்டையை வாங்கியவர்கள், பழுதான அட்டையைத் தண்டமாக வாங்குவதா, கணினியின் விலைக்கு மேல் பேசிக்குக்குக் கொடுப்பதா என்று தவித்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1975 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவின் விடுதி ஒன்றில் மிட்ஸ் நடத்திய செயல்விளக்கத்தின்போது பேசிக் பதிந்திருந்த துளையிட்ட காகித நாடா காணாமற்போனது. அப்பகுதிக் கணினி ஆர்வலர்களின் சங்கமான ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் உறுப்பினர் ஒருவர் அதைப் பல படிகள் எடுத்து அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவந்து, ஒரு நாடாவை எடுத்துச் செல்பவர் திரும்பி வரும்போது இரண்டு படிகளோடு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு விநியோகித்ததாக அக்கால உறுப்பினர்களின் நினைவுகள் சொல்கின்றன. 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் எழுதிய கடிதம் இதற்கான எதிர்வினை. ஆல்டேர் வைத்திருப்போரில் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றும், கிடைத்த ராயல்டியைக் கணக்கிட்டால் தம் உழைப்பின் மதிப்பு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்றும், தாம் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு மட்டுமே 40,000 டாலருக்கு மேல் என்றும் அவர் எழுதினார். அவர் குறையில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஒருவர் விற்பதற்காக எழுதியதை அவர் இசைவின்றிப் படியெடுத்துக் கொடுத்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. உங்களில் சிலர் அந்த நாடா நிகழ்ச்சியை நம் இயக்கத்தின் முதல் அத்தியாயம்போல உற்சாகமாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. எது முதல் அத்தியாயமாகத் தகுதி பெற்றதோ அது அந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்ட் முதலானோர் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி என்ற பெயரில் ஒரு செய்தி இதழ் நடத்திவந்தார்கள்; பெயரில்தான் கம்பெனி. ஸ்டான்ஃபர்டில் கணினியியல் கற்பித்த டென்னிஸ் ஆலிசன், இரண்டு மூன்று கிலோபைட் நினைவகத்திற்குள் அடங்கும் ஒரு சிறு பேசிக் எப்படி இருக்க வேண்டும் என்ற வடிவமைப்பை 1975இல் அதில் தொடராக எழுதினார். நிரலை அவர் விற்கவில்லை. வடிவமைப்பைக் கொடுத்து, இதை வைத்து நீங்களே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். டெக்சாசின் டைலர் நகரிலிருந்து டிக் விப்பிளும் ஜான் ஆர்னால்டும் எழுதி அனுப்பிய டைனி பேசிக், எட்டை அடியாகக் கொண்ட எண்களின் நெடும்பட்டியலாக வந்து சேர்ந்தது. இப்படி வந்தவற்றையெல்லாம் அச்சிடுவதற்கென்றே 1976 ஜனவரியில் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் தொடங்கப்பட்டது. மூன்று இதழ்களோடு நின்றுவிடும் என்று எண்ணித் தொடங்கியது பல பத்தாண்டுகள் நீடித்தது. அதன் ஆசிரியர் ஜிம் வாரன் அதே ஆண்டு எழுதிய குறிப்பொன்றில், மென்பொருள் இலவசமாகவோ, படியெடுப்பதைக் காட்டிலும் விலைகொடுத்து வாங்குவதே எளிது என்னும் அளவுக்கு மலிவாகவோ கிடைத்தால் அதை யாரும் திருடப்போவதில்லை என்று கேட்ஸுக்குப் பதில் சொன்னார். டாம் பிட்மன் தாம் எழுதிய டைனி பேசிக்கை ஐந்து டாலருக்கு விற்றார். கேட்ஸுக்கு இதைவிடக் கண்ணியமான மறுமொழி இருந்திருக்க முடியாது: வேண்டியதை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சற்றுத் தூரம் தொடர்ந்து போவோம். 1976 மே மாதத்து டாக்டர் டாப்ஸ் இதழில் லி-சென் வாங் எழுதிய பாலோ ஆல்டோ டைனி பேசிக்கின் மூலநிரல் முழுமையாக வெளியானது. அதன் தலைப்பில், வழக்கமான பதிப்புரிமை அறிவிப்பைக் கேலி செய்து, 'காப்பிலெஃப்ட், ஆல் ராங்ஸ் ரிசர்வ்டு' என்று பொறித்திருந்தார். (பின்னர் ஜிபிஎல்லின் கொள்கைக்கு காப்பிலெஃப்ட் என்று பெயர் சூட்டிய ஸ்டால்மன் அச்சொல்லை இங்கிருந்து எடுக்கவில்லை, நிரலாளர் டான் ஹாப்கின்ஸ் அனுப்பிய கடித உறையில் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்.) அதே ஆண்டின் இறுதியில் ரோஜர் ரவுஸ்கோல்ப் அதைத் திருத்தி வேறோர் இதழில் வெளியிட்டார். 1977இல் டாண்டி நிறுவனம் தன் ரேடியோ ஷேக் கடைகளில் டிஆர்எஸ்-80 கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் வடிவமைப்பாளர் ஸ்டீவ் லைனிங்கர் வாங்கின் நிரலை அடியொற்றியே லெவல் 1 பேசிக்கை உருவாக்கி ரோம் என்ற, மின்சாரம் நின்றாலும் அழியாத 4 கிலோபைட் நினைவகச் சில்லில் அடக்கினார். பிறகு அட்லாண்டிக் கடந்து யூகோஸ்லாவியா. வெளிநாட்டுக் கணினிகளை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருந்த அந்நாட்டில் வோயா அந்தோனிச் வடிவமைத்த கலாக்சியா என்ற கணினியின் முழு வரைபடத்தையும் 1983 முடிந்து 1984 பிறக்கும் வேளையில் ஓர் அறிவியல் இதழ் சிறப்பு வெளியீடாகக் கொண்டுவந்தது. 8,000 பேருக்கு மேல் உதிரிப்பாகங்கள் கேட்டு எழுதினார்கள். அதன் பேசிக்குக்கு அந்தோனிச் அடிப்படையாகக் கொண்டது டிஆர்எஸ்-80இன் லெவல் 1 பேசிக்தான். பெல்கிரேடு வானொலியில் ஸோரான் மோட்லி நடத்திய 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் நிரல்கள் ஒலியாகவே ஒலிபரப்பாயின. காது கூசும் கீச்சொலியை வீட்டில் இருந்தவர்கள் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்து, பதிந்ததைக் கணினிக்குப் போட்டுக் காட்டினால் நிரல் ஓடியது. நெதர்லாந்தின் ஹாபிஸ்கூப் வானொலி நிகழ்ச்சியும் இந்த வேலையைச் செய்துவந்தது. வெவ்வேறு நிறுவனத்துக் கணினிகளிலும் ஒரே ஒலிபரப்பு பயன்பட வேண்டும் என்பதற்காக பேசிகோடு என்ற பொது வடிவத்தையும் அது பரப்பியது. மென்லோ பார்க்கின் ஒரு செய்தி இதழில் விடுத்த அழைப்பு பெல்கிரேடு வரை கிளை விட்டதற்கு எந்த உரிமப் பத்திரமும் துணைநிற்கவில்லை. உங்கள் உரைகளில் காட்டும் கால வரைபடத்தில் இதற்கு ஒரு கோடாவது வேண்டாமா?

எழுதியவர்களைக் கொண்டாடுவதோடு வரலாற்றை முடித்துக்கொள்ளக் கூடாது என்பது என் அடுத்த வேண்டுகோள். சொல்லப்போனால் அதுதான் முதன்மையானது. ஒரு நிரல் இலவசமாக இருக்கிறது என்பதால் மட்டும் அது யார் கைக்கும் வந்துவிடாது. அது இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், தம் கணினி படிக்கக்கூடிய வடிவில் பெற வேண்டும், வந்தது சிதையாமல் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இம்மூன்றுக்கும் அன்றைய ஆர்வலர்கள் கண்ட வழிகள், நிரல்களைப் போலவே கூட்டு உழைப்பின் விளைவுகள். ஹோம்ப்ரூ கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன், முதலில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மிடம் இருப்பதையும் தமக்குத் தேவையானதையும் சொல்ல வைத்தார். பிறகு கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தேடுபவரும் வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துப் பேசிக்கொள்ள நேரம் விட்டார்.

நிரல்களை ஒழுங்காக வகைப்படுத்திப் பரப்பும் வேலை, கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளம் பரவிய பிறகுதான் முழு வடிவம் பெற்றது. நியூயார்க்கின் லைஃப்போட் அசோசியேட்ஸ் வழியாக சிபி/எம் பயனர் குழு தன் வட்டுத் தொகுதிகளை அனுப்பிவந்தது; பின்னர் நியூ ஜெர்சியின் கணினி ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்த சிக்/எம் அதே முறையைப் பின்பற்றி இருநூறு தொகுதிகளைத் தாண்டியது. அவற்றின் அடிப்படை அலகு எட்டு அங்குல ஃபிளாப்பி: 77 வட்டத் தடங்கள், ஒவ்வொன்றிலும் செக்டர் எனப்படும் 26 துண்டுகள், செக்டருக்கு 128 பைட். ஐபிஎம் வகுத்த அந்த ஓர் அமைப்பை ஏறக்குறைய எல்லா சிபி/எம் கணினிகளும் படித்ததால் ஒருவர் வட்டு இன்னொருவர் கணினியில் ஓடியது. ஐந்தேகால் அங்குல வட்டு வந்ததும் ஆஸ்போர்ன் கணினிக்கு ஒரு வடிவம், கேப்ரோ கணினிக்கு ஒரு வடிவம் என்று ஆளுக்கொரு வழியில் போக, ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதே ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் சிலருக்கு முழுநேரப் பொழுதுபோக்காகிவிட்டது.

அத்தகைய பழைய தொகுதி எதையேனும் இன்று, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் திறந்து, கோப்புகளின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். வரிசையின் தலையில் நிற்பது பெரும்பாலும் 'கேட்டலாக்' என்ற கோப்பாக இருக்கும். அகரவரிசையில் எல்லாவற்றிற்கும் முன்னால் வர வேண்டும் என்பதற்காகவே அதன் பெயர் ஒரு சிறு கோட்டோடு தொடங்கும். உள்ளே ஒவ்வொரு கோப்பின் பெயர், கிலோபைட் அளவு, அது என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரி. பல தொகுதிகளில் ஒவ்வொரு கோப்புக்குமான சரிபார்ப்பு எண்களும் தனிக் கோப்பாக இருக்கும். வட்டைப் பெற்றவர் தம் கணினியில் அதே கணக்கைப் போட்டு, எண் ஒத்துவந்தால் கோப்பு பழுதின்றி வந்திருப்பதாகத் தெரிந்துகொள்ளலாம். மூலநிரலின் தொடக்கத்தில், யார் எந்தத் தேதியில் எந்தப் பிழையைத் திருத்தினார் என்ற குறிப்புகள், புதியது மேலும் பழையது கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (git) மென்பொருள் இன்று செய்து தருகிற வேலையை, அன்று இந்தக் குறிப்புகளும் குழுவின் வட்டுகளைப் பேணிய ஒரு நூலகரின் பொறுமையும் சேர்ந்து செய்தன. அந்த நூலகர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சிகாகோவின் வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதி, உரிமை கோராமல் பொதுக்களத்தில் விட்ட மோடம் நிரல் (மோடம் என்பது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி) அஞ்சல் வட்டுக்காகக் காத்திருக்கும் நிலையை மாற்றியது. அதிலிருந்து உருவானதே எக்ஸ்மோடம் என்ற பரிமாற்ற நெறி. கோப்பை 128 பைட் துண்டுகளாக, அதாவது சிபி/எம் வட்டின் ஒரு செக்டர் அளவாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண்ணும் கூட்டுத்தொகையும் சேர்த்து அனுப்பும். பெறும் கணினி கூட்டிப் பார்த்து, சரியென்றால் அடுத்ததைக் கேட்கும், தவறென்றால் அதையே மறுபடி கேட்கும். இரைச்சல் மிகுந்த தொலைபேசிக் கம்பியில் ஒரு பைட் பிசகினாலும் ஓடாமற்போகும் நிரல்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல இந்த எளிய ஏற்பாடு போதுமானதாக இருந்தது. அவரும் ராண்டி சூஸும் சேர்ந்து, பனிப்புயல் வீட்டில் முடக்கிய நாட்களில் திட்டமிட்டு, 1978 பிப்ரவரி 16 அன்று இயக்கிவைத்த கணினி அறிவிப்புப் பலகையை, அதாவது தொலைபேசி வழியே அழைத்துச் செய்திகளைப் படிக்கவும் விட்டுச்செல்லவும் உதவிய கணினியைப் பற்றிச் சிலராவது எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி வந்த ரிமோட் சிபி/எம் கணினிகளைப் பற்றி எழுதியவர் இல்லை. தம் சொந்தக் கணினியையும் வட்டுகளையும் தொலைபேசியில் இணைத்து, யார் அழைத்தாலும் கோப்புகளை எடுத்துச் செல்லவும் கொடுத்துச் செல்லவும் திறந்துவைத்தவர்கள் அவர்கள். பலரிடம் இருந்தது வீட்டுத் தொலைபேசி ஒன்றே. அதனால் ஒருமுறை மணி அடித்ததும் வைத்துவிட்டு மறுபடி அழைத்தால் மோடம் எடுக்கும், தொடர்ந்து அடித்தால் வீட்டார் எடுப்பார்கள் என்ற ஏற்பாடு சில இடங்களில் இருந்தது. நொடிக்கு 30 எழுத்து வேகத்தில் ஒரு முழு வட்டை இறக்க இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். தொலைதூரக் கட்டணம் குறையும் நள்ளிரவில்தான் பலரும் அழைத்தார்கள்.

ஷேர்வேரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் அதை விலக்கிவைப்பதற்குக் காரணம் உண்டு. 1982இல் ஆண்ட்ரூ ஃபுளூகல்மனும் ஜிம் நாஃபும் தனித்தனியே, படியெடுத்துக் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்ற முறையைத் தொடங்கினார்கள். 1983இல் அதே வழியில் பிசி-ரைட் என்ற சொல்செயலியைக் கொண்டுவந்த பாப் வாலஸ், மைக்ரோசாஃப்டின் ஒன்பதாவது ஊழியராக இருந்தவர். ஒருவர் கொடுத்த படியைப் பெற்றவர் பின்னர் பதிவு செய்துகொண்டால், கொடுத்தவருக்கு 25 டாலர் தரகு அனுப்பினார். நீங்கள் வகுக்கும் இலக்கணப்படி இவை கட்டற்ற மென்பொருள் ஆகா. அதை ஏற்கிறேன், ஆனால் படியெடுப்பது குற்றம் என்ற எண்ணத்தைக் கடைக்கோடிப் பயனரிடமும் உடைத்ததில் இவற்றுக்குப் பங்குண்டு.

இங்கே நீங்கள் எழுப்பக்கூடிய தடை எனக்குத் தெரிகிறது. அந்த ஆர்வலர்களிடம் உரிமம் பற்றிய தெளிவே இல்லை. பொதுக்களம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே வணிகப் பயன்பாடு கூடாது என்பார்கள். அவர்களுடைய இலவச நிரல்கள் ஓடிய சிபி/எம், விலைக்கு விற்கப்பட்ட மூடிய மென்பொருள். எவரும் எடுத்து மூடிக்கொள்ளலாம் என்ற நிலையில்தான் அவை கிடந்தன. அத்தனையும் உண்மை. பாலோ ஆல்டோ டைனி பேசிக் ஒரு பெருநிறுவனத்தின் ரோம் சில்லுக்குள் போனதை மேலே சொன்னேன்; அந்நிறுவனம் தன் திருத்தங்களை வெளியிட எந்தக் கடமையும் இருக்கவில்லை. ஜிபிஎல் எதற்காகத் தேவைப்பட்டது என்று ஒரு முதலாண்டு மாணவருக்கு விளக்க ஜெராக்ஸ் அச்சுப்பொறியைக் காட்டிலும் இது பொருத்தமான எடுத்துக்காட்டு என்று நினைக்கிறேன். நல்லெண்ணமும் நல்ல பட்டியலும் இருந்தும் சட்டப் பாதுகாப்பு இல்லாத பகிர்வு எங்கே இடறும் என்பதை அது நேரடியாகக் காட்டுகிறது. மாறாக, அந்தப் பகிர்வே நடவாததுபோல எழுதினால், ஒரு தனிமனிதரின் கோபத்திலிருந்து ஓர் இயக்கம் முளைத்தது என்ற எண்ணமே மாணவர் மனத்தில் நிற்கிறது.

எழுத முன்வருவோருக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பயனர் குழுக்களின் தொகுதிகள், அமெரிக்கத் தரைப்படையின் வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் இயங்கிய சிம்டெல்20 கணினியில் கீத் பீட்டர்சனின் பராமரிப்பில் சேர்ந்தன. 1993இல் அக்கணினி நிறுத்தப்படுவதற்கு முன்பே வால்நட் கிரீக் நிறுவனம் அவற்றைக் குறுவட்டுகளாக வெளியிட்டுவிட்டதால் இன்றும் கிடைக்கின்றன. சிபி/எம் இயங்குதளத்தின் தொடக்க காலப் பதிப்புகளின் மூலநிரலை மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2014இல் வெளியிட்டது. 2025 ஏப்ரலில், மைக்ரோசாஃப்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, எந்தப் பேசிக்கின் பொருட்டு அந்தக் கடிதம் எழுதப்பட்டதோ அதே ஆல்டேர் பேசிக்கின் மூலநிரலை எவரும் இறக்கிப் படிக்குமாறு கேட்ஸே வெளியிட்டார். கடிதத்தையும், வாரனின் பதிலையும், வாங்கின் நிரலையும், இதையும் அருகருகே வைத்துத் தமிழில் ஒருவரேனும் எழுத வேண்டும்.

ஆகவே, அடுத்த மென்பொருள் விடுதலை நாளுக்கு நீங்கள் ஆயத்தம் செய்யும் காட்சி வில்லைகளில் 1983க்கு முன்னால் ஒரு பகுதியைச் சேருங்கள். மாணவர்களுக்கான பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சிபி/எம் எமுலேட்டரில் ஒரு பயனர் குழுத் தொகுதியைத் திறந்து, பட்டியல் கோப்பைப் படித்து, ஒரு நிரலைத் தேர்ந்து, சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து, இயக்கச் சொல்லுங்கள். பாலோ ஆல்டோ டைனி பேசிக்கின் மூலநிரல் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவுதான். தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்போர் டைனி பேசிக், எக்ஸ்மோடம், சிபி/எம் பயனர் குழு ஆகியவற்றுக்குச் செறிவான கட்டுரைகள் எழுதலாம். உங்கள் சொந்தக் களஞ்சியங்களையும் ஒருமுறை பாருங்கள்: நிரல்களைப் பதிவேற்றிவிட்டு, எது எதற்கு என்று ஒரு வரி விளக்கமும் இல்லாமல் விட்டவை அவற்றில் பல இருக்கின்றன. அந்த விளக்க வரிகளை எழுத ஆள் வேண்டுமென்றால், இந்த மடலை எழுதியவனும் வருவான்.

அன்புடன்,
உங்கள் வாசகன்